தங்கைக்கு ஐம்பத்திரண்டு பெயர்கள்

மார்கழி 22, 1996, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் இது டிசம்பர். வீட்டில் மார்கழி. வீட்டில் சொல்வது போலவே எழுதுகிறேன், ஏனென்றால் இது வீட்டைப் பற்றியது.

தங்கை பிறந்து இன்று மூன்றாம் நாள். பத்துக் கிழமை முந்திக்கொண்டு வந்துவிட்டாள். நிறை ஆயிரத்து முந்நூற்றுப் பத்துக் கிராம். தான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு சின்ன மீன்கூட அதைவிடப் பாரம் என்று அப்பா சொன்னார். எங்களைச் சிரிக்க வைக்கச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு வயர். பெட்டியின் தலைமாட்டில் ஓர் அட்டை: "யெந்தெ நித்தியானந்தன்." நித்தியானந்தன் அப்பாவின் பெயர். யெந்தெ என்றால் நோர்வே மொழியில் பெண்பிள்ளை. அது பெயர் அல்ல. பக்கத்துப் பெட்டியில் இருப்பவளும் யெந்தெதான். அவளுக்கு நேற்று மாரிட் என்று பெயர் வைத்து அட்டையை மாற்றிவிட்டார்கள். மாரிட் என்றால் முத்து.

நூலகத்தில் இருந்து பெண்பிள்ளைகளின் பெயர் அகராதி ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன். நோர்வேயின் பழைய பெயர்கள் எல்லாம் பொருளோடு அதில் இருக்கின்றன. நல்லவற்றைத் தெரிந்தெடுத்து ஒரு கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். அப்போதுதான் அம்மா தானாகவே வாசிக்கலாம். இங்கே பிறந்த பிள்ளைக்கு முதற்பெயர் இந்த நாட்டுப் பெயராக இருக்கட்டும் என்று அம்மாவே முன்பு சொல்லியிருக்கிறார்.

இந்த முறை ஒவ்வொரு பெயருக்கும் பொருளைச் சரியாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன்.

மார்கழி 24, செவ்வாய்

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, முதல்நாள். பேருந்து இரண்டு மணியோடு நின்றுவிடும் என்பதால் காலையிலேயே வைத்தியசாலைக்குப் போனோம். காலை என்று எழுதுகிறேன், ஆனால் வெளியே இருட்டு. கார்த்திகை இருபத்தொன்றில் போன சூரியன் தை இருபத்தொன்றில்தான் திரும்பும். மத்தியானத்தில் மட்டும் இரண்டு மணி நேரம் வானம் நீலமாக இருக்கும்.

இதுவரை எழுதிய பெயர்கள் பத்தொன்பது. மிகவும் பிடித்தவை:

ஆஸ்ட்ரிட் – தெய்வ அழகு.
சிக்ரிட் – வெற்றியும் அழகும்.
டாக்னி – புதிய நாள்.
ரக்ன்ஹில்ட் – ஆலோசனையும் போரும்.
போர்க்ஹில்ட் – கோட்டையும் போரும்.
இல்வா – பெண் ஓநாய்.

அகராதியில் அரைவாசிப் பெயர்களுக்குள் போர் இருக்கிறது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் போர் என்று கூப்பிட இவர்களுக்குக் கூச்சமே இல்லை. ஒரு பலமான பெயர் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கும் என்று இவர்கள் நம்பியிருக்க வேண்டும். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"போருக்குப் பயந்துதானே பிள்ளை இஞ்ச வந்தனாங்கள். இப்ப வீட்டுக்குள்ள ஒரு போரைப் பெத்து வைக்கிறதோ?"

"அது வேற போர் அப்பா. வாளோட செய்யிறது."

"ஓ, வாள் எண்டால் பரவாயில்லை" என்று சொல்லி என் தலையைத் தடவினார். பிறகு, "அம்மாட்ட இப்ப காட்டாதை. போன முறை மாதிரி அவசரப்பட வேண்டாம்" என்றார்.

போன முறையைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை.

தங்கையைப் பார்க்கும் தாதியின் பெயர் குன்ஹில்ட். 'குன்' என்றாலும் போர், 'ஹில்ட்' என்றாலும் போர். ஆனால் அவர் தங்கையின் காலில் ஊசி குத்துவதற்கு முன் தன் கையை நெடுநேரம் தேய்த்துச் சூடாக்குகிறார். ஊசித் தட்டை எடுத்து வைக்கும்போதுகூடச் சத்தம் வருவதில்லை. அவரிடம் பெயரின் பொருளைச் சொன்னேன். "உண்மையாகவா? என் கணவரிடம் சொல்லிவிடாதே" என்றார்.

மார்கழி 27, வெள்ளி

ஞானம் அன்ரி பிட்டும் சுறா வறையும் கொண்டு வந்தார். அவர் அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இந்த ஊரில் இருக்கும் பதினொரு தமிழ்க் குடும்பங்களுக்கும் அவர்தான் சோதிடம், சமையல், கோபம் எல்லாம்.

"பேர் ஒண்டும் வைக்கேல்லையோ இன்னும்?"

அம்மா கோப்பையில் பிட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஊரில எண்டால் புவனா, இப்பிடி ஒண்டு போய் அடுத்தது பிறந்தால் குப்பை எண்டு பேர் வைப்பினம். என்ர அப்பான்ர தங்கச்சி குப்பைச்சி. யமன் வந்து பாத்திட்டு, இது குப்பைதானே எண்டு விட்டிட்டுப் போயிட்டான். எண்பத்திநாலு வயசு மட்டும் எல்லாரையும் திண்டுதான் போனவ."

"இவள் புத்தகம் பாத்துப் பேர் எழுதுறாள் அக்கா" என்றார் அப்பா, பேச்சை மாற்ற.

"எங்க, வாசி பாப்பம்."

வாசித்தேன். 'அல்வா' என்ற பெயருக்கு வந்ததும் அன்ரி கையை உயர்த்தி நிறுத்தினார். "என்னது?"

"அல்வா. வனதேவதை எண்டு அர்த்தம்."

"தங்கச்சி அல்வா, அக்கா மஸ்கற். நல்ல தீபாவளிதான்."

அம்மா சிரித்தார். ஒரு சின்னச் சிரிப்புத்தான், ஆனால் ஒரு கிழமைக்குப் பிறகு இன்றுதான் கேட்டேன். அந்தத் துணிவில் கொப்பியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைத் தொடவில்லை.

"பேர் இப்ப வேண்டாம். முப்பத்தொண்டு கழியட்டும்" என்றார்.

முப்பத்தோராம் நாள் எங்களுக்குத் துடக்கு, அதாவது பிள்ளைப்பேற்றுத் தீட்டு, கழியும் நாள். ஊரில் அன்றைக்குத்தான் பிள்ளைக்குத் தலை மழித்து, குளிக்க வார்த்து, பெயர் வைப்பார்கள். எண்ணிப் பார்த்தேன். தை பத்தொன்பது.

பாத்திரங்களைக் கழுவும்போது அம்மா அன்ரியிடம் சொன்னது கேட்டது. "பேர் வைச்சால் கூப்பிடத் தோணும் அக்கா." அதற்கு மேல் கேட்கவில்லை. தண்ணீர்க் குழாயை யாரோ திறந்துவிட்டார்கள்.

மார்கழி 29, ஞாயிறு

இன்று குளிர் பூச்சியத்துக்குப் பதினேழு கீழே. உடுப்புத் தோய்த்தேன். நாற்பத்தொரு பெயர்கள்.

மார்கழி 31, செவ்வாய்

கொப்பியைத் திருத்தினேன். பொருள் தெளிவில்லாத பெயர்களையும் பலமில்லாத பெயர்களையும் பேனாவால் வெட்டினேன். 'ஐர்' இருக்கட்டும், அது நோய் தீர்க்கும் தேவதை. 'பியோர்க்' இருக்கட்டும், அது காப்பாற்றுதல். 'தூவா' என்ற பெயரை வெட்டிவிட்டேன். அகராதி அதற்கு இரண்டு விதமாகச் சொல்கிறது. இடித்தெய்வத்தின் பெயரில் இருந்து வந்திருக்கலாமாம். சதுப்பு நிலத்தில் புல் வளர்ந்து நிற்கும் சின்ன மேடாகவும் இருக்கலாமாம். தங்கை இருக்கும் நிலையில் ஒரு புல்மேட்டை நம்ப முடியாது.

பனி, காற்று, நுரை என்று பொருள் வரும் பெயர் ஒன்றையும் எழுதவில்லை. எவ்வளவு அழகாக இருந்தாலும்.

மொத்தம் ஐம்பத்திரண்டு. வெட்டியவை எட்டு.

தங்கை இன்று ஆயிரத்து நானூறு கிராம். என் சுட்டுவிரலைப் பிடித்தாள்.

தை 2, 1997, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும்.

அப்பா வேலைக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும் பதினொரு மணிப் பேருந்தில் போனோம். தங்கையின் பெட்டியைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள். இரத்தத்தில் கிருமி என்றார் வைத்தியர். நான் அதைச் சரியாக அம்மாவிடம் சொன்னேன். புதிய மருந்து தொடங்கியிருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். இந்த ஒருநாள் முக்கியம் என்பதையும் சொன்னேன். அதுவரை ஒரு சொல்லும் மாற்றவில்லை.

பிறகு குன்ஹில்ட் வந்து என் உயரத்துக்குக் குனிந்தார். தொலைபேசியில் மொழிபெயர்க்கும் ஆளைத் தேடினோம், புதுவருடம் என்பதால் ஒருவரும் கிடைக்கவில்லை, உன்னிடம் இதைக் கேட்பது சரியில்லை என்று முதலில் சொன்னார். பிறகு கேட்டார். பிள்ளை மிகவும் சுகமில்லாமல் இருக்கும்போது சில குடும்பங்கள் உடனேயே பெயர் வைக்க விரும்புவார்கள். பெயரோடு இருக்கட்டும் என்று நினைப்பார்கள். உன் அம்மாவுக்கும் அப்படி விருப்பமா என்று கேட்டுச் சொல்கிறாயா?

எனக்கு அந்தக் கேள்வி தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் இன்னொரு தாதி இதே கேள்வியைக் கேட்டார். அன்று நான் அதை அம்மாவிடம் சரியாகச் சொன்னேன்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"நீங்கள் சாப்பிட்டீங்களோ எண்டு கேக்கிறா."

அம்மா என்னைப் பார்த்தார். 

"சாப்பிட்டன் எண்டு சொல்லு."

நான் குன்ஹில்டிடம் திரும்பினேன். "எங்கள் வழக்கத்தில் முப்பத்தோராம் நாள்தான் பெயர் வைப்போம். அன்றைக்கு வைப்போம் என்று அம்மா சொல்கிறார்."

குன்ஹில்ட் விரலில் எண்ணினார். சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்து, அட்டையில் யெந்தெ என்பதன் கீழே 19.1 என்று சின்னதாக எழுதினார். "அப்படியென்றால் அதுவரை காத்திருப்போம்" என்றார்.

இரண்டு பேருக்கும் பொய் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு விருப்பம் இருந்திருந்தால், நான் அதைக் கெடுத்துவிட்டேன்.

தை 3, வெள்ளி

மாற்றம் இல்லை.

தை 4, சனி

காய்ச்சல் அரைப் பாகை குறைந்திருக்கிறது. தமிழ்ப் பள்ளிக்குப் போகவில்லை.

தை 6, திங்கள்

குழாயில் பால் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு தடவைக்கு நாலு மில்லிலீற்றர். அப்பா வைத்தியசாலை நடையில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் துடைத்தார்.

இன்று எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இந்த நாட்குறிப்பில் உள்ளது எல்லாம் பாதிதான்.

போன முறையும் ஒரு தங்கை பிறந்தாள். ஒன்பது நாள் இருந்தாள். அன்று தாதி கேட்டதும் அம்மா என்னிடம், "நீயே ஒரு நல்ல பேராச் சொல்லு குஞ்சு" என்றார். எனக்குப் பதினொரு வயது. வகுப்பில் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் பார்த்த ஒரு பெயர் நினைவில் இருந்தது. வாயில் வைத்துச் சொல்ல நன்றாக இருந்தது. மியோல் என்று சொன்னேன். பொருள் என்னவென்று பார்க்கவில்லை. அவள் போன பிறகுதான் அகராதியைத் திறந்தேன். மியோல் என்றால் அப்போதுதான் விழுந்த, இன்னும் இறுகாத புதுப் பனி.

பனிக்கு என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அம்மா அந்தப் பொருளை அறிந்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. அவர் கொப்பியைத் தொடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தை 12, ஞாயிறு

குன்ஹில்ட் ஒரு தாளில் முப்பத்தொரு பெட்டிகள் கீறி, சுவரில் ஒட்டியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் ஒரு பெட்டியில் பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி. மற்றத் தாதிகளுக்கும் விளக்கம் கொடுத்திருக்கிறாராம். "தமிழர்களுக்குப் பத்தொன்பதாம் திகதி பெரிய நாள்" என்று ஒரு தாதி இன்னொருவருக்குச் சொல்வதைக் கேட்டேன். என் பொய்க்குச் சுவரில் ஒரு தாள் இருக்கிறது.

அம்மா அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னவென்று என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

புவியியல் சோதனைக்குப் படிக்க வேண்டும். தங்கை ஆயிரத்து அறுநூற்று இருபது.

தை 19, ஞாயிறு

முப்பத்தோராம் நாள்.

காலையில் அம்மா நல்லெண்ணெய் வைத்து முழுகினார். அப்பா வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார். சாமிப் படத்துக்கு விளக்கு வைத்தார்கள். மத்தியான நீல வெளிச்சம் வந்த நேரம் அம்மா மேசைக்கு வந்து இருந்து, கையை நீட்டினார்.

"கொப்பியைத் தா."

நான் கொடுக்கவில்லை. முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இரண்டாம் திகதி தாதி கேட்டது சாப்பாட்டைப் பற்றி இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது மேசைவிரிப்பின் ஓரத்தைத்தான் பார்த்தேன்.

"தெரியும்" என்றார் அம்மா.

"என்ன தெரியும்?"

"அந்தத் தாதி பேரைப் பற்றிக் கேட்டது தெரியும். ரெண்டு வரியமா மொழி வகுப்புக்குப் போறன். பேர் எண்ட சொல்லும் விளங்காட்டி நான் என்னத்துக்குப் போறன்?"

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீ சாப்பாடு எண்டாய். எனக்கும் அதைத்தான் கேக்க வேணும் போல இருந்தது."

அப்பா வாசற்படியில் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்திவிட்டார்.

மற்றதையும் சொன்னேன். மியோல் என்றால் பனி, நான் பொருள் பார்க்காமல் வைத்துவிட்டேன் என்று.  அம்மா என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்தார்.

"ஒன்பது நாளும் அந்தப் பேரைச் சொல்லித்தான் அவளோட கதைச்சனான். இப்பவும் அந்தப் பேரைச் சொல்லித்தான் நினைக்கிறன். நீ அதைத் தராட்டி நான் அவளை என்னெண்டு நினைக்கிறது? யெந்தெ எண்டோ?"

பிறகு கொப்பியை எடுத்து முதற்பக்கத்தில் இருந்து வாசிக்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்று பொருள் சொல்லப் போனேன். கையால் தடுத்தார்.

"அர்த்தம் பிறகு. சக்கெற்றைப் போட்டுக்கொண்டு கீழ வா."

வெளியே குளிர் பன்னிரண்டு கீழே. அம்மா வாசற்படியில் நின்றுகொண்டு, என்னைத் தெருமுனையில் தபால் பெட்டிகள் இருக்கும் இடத்துக்குப் போகச் சொன்னார். அங்கேதான் எங்கள் தெருப் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்கள்.

"நான் கூப்பிடுறன். எது வடிவாக் கேக்குது எண்டு சொல்லு. விளையாடப் போற பிள்ளையைச் சோத்துக்குக் கூப்பிட வேணுமே."

அங்கே போய் நின்றேன். அம்மா கொப்பியை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"ரக்ன்ஹில்ட்."

அது பாதி வழியிலேயே விழுந்துவிட்டது. கேட்கவில்லை என்று கையை ஆட்டினேன்.

"இதைக் கூப்பிட்டு முடிக்கச் சோறு ஆறிப்போம்" என்று அப்பாவிடம் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"சிக்ரிட்." கேட்டது, ஆனால் தும்மல் போல இருந்தது. "போர்க்ஹில்ட்." அப்பா சிரித்துவிட்டார். "ஐர்." ஒன்றும் வரவில்லை. "டாக்னி." பரவாயில்லை. முன்வீட்டு ஒட்வார் கிழவர் யன்னலைத் திறந்து, நாய் ஓடிவிட்டதா என்று கேட்டார். இல்லை, தங்கைக்குப் பெயர் தேடுகிறோம் என்றேன். அவர் யன்னலை மூடவில்லை. கையை ஊன்றிக்கொண்டு கேட்க நின்றுவிட்டார்.

அம்மா பக்கம் புரட்டினார். ஒவ்வொரு பெயராக எடுத்து, வெட்டுக்கோடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலே கூப்பிட்டுக்கொண்டு போனார். நான் ஒவ்வொன்றையும் பொருளோடுதான் காதில் வாங்கினேன், வெற்றி, கோட்டை, காப்பு என்று. அம்மாவுக்கு அதெல்லாம் இல்லை. அவர் வாயைத் திறந்து, மூச்சை எடுத்து, தெருமுனையில் ஒரு பிள்ளை நிற்பது போலவே கூப்பிட்டார். ஐந்து வயது, ஆறு வயது. மூக்கு ஒழுக, கையுறை தொலைத்த ஒரு பிள்ளை. அவருக்கு அவள் தெரிந்தாள். அந்த முப்பத்தொரு நாளில் ஒரு தடவையும் அவர் அவ்வளவு தூரம் பார்த்ததில்லை.

பிறகு அவர் கூப்பிட்டார்:

"தூவா..."

பனி முழுத் தெருவையும் மூடியிருந்தது. அந்தப் பெயர் அதன் மேலால் நேராக வந்தது. முதலெழுத்து நீண்டது, கடைசியெழுத்து இன்னும் நீண்டது. அம்மா இரண்டாந்தரமும் கூப்பிட்டார், இந்த முறை கொப்பியைப் பார்க்காமல், கொஞ்சம் கோபத்தோடு, வீட்டுக்கு வரப் பிந்திய பிள்ளையைக் கூப்பிடுவது போல.

"தூவா... கெதியா வா."

அது எனக்கு வைத்த பெயர் இல்லை. ஆனாலும் நான் ஓடினேன்.

ஒட்வார் கிழவர் கை தட்டினார். மூச்சு வாங்க வாசலுக்கு வந்து, "அம்மா, அது நான் வெட்டின பேர். அதுக்கு அர்த்தம் சரியாத் தெரியாது. ஒரு சின்னப் புல்மேடாகவும் இருக்கலாம்" என்றேன்.

"எங்க, பனிக்கு மேல தெரியிற புல்லோ?"

யோசித்துப் பார்த்தேன். வைகாசியில் பனி உருகும்போது சதுப்பு நிலத்தில் முதலில் வெளியே வருவது அந்த மேடுகள்தான். பள்ளிக்கூடத்தில் இருந்து வரும்போது நானே அவற்றில் கால் வைத்துத் தாண்டியிருக்கிறேன்.

"ஓம்" என்றேன்.

"பிறகென்ன. பேருந்துக்கு நேரமாகுது."

வைத்தியசாலையில் குன்ஹில்ட் கடைசிப் பெட்டியில் புள்ளடி போடாமல் எங்களுக்காக வைத்திருந்தார். அம்மாவே போட்டார். பிறகு குன்ஹில்ட் புதிய அட்டை ஒன்றை எடுத்துப் பேனாவைத் திறந்து, என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா நோர்வே மொழியில் சொன்னார். "அவள் பெயர் தூவா மியோல்."

இரண்டாவது பெயரையும் சேர்ப்பார் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது என்று அவர் முகத்தில் தெரிந்தது. குன்ஹில்ட் எழுதினார். கைகளை நெடுநேரம் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, பெட்டியின் கதவைத் திறந்து, தங்கையைத் தூக்கி அம்மாவின் நெஞ்சில் வைத்தார்.

அம்மா அவள் காதில் கூப்பிட்டார். இந்த முறை தெருமுனைக்குக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

தை 21, செவ்வாய்

சூரியன் திரும்பும் நாள். பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடத்தோடு எல்லோரையும் மலைப்பக்கம் கூட்டிப் போனார்கள். முழுக்க முகில். ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் வழக்கப்படி ஆளுக்கொரு இனிப்புப் பணிஸ் தந்தார்கள். நான் இரண்டு கேட்டு வாங்கினேன். மற்றது யாருக்கு என்று ரீச்சர் கேட்டபோது பெயரைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, கொப்பியில் தூவாவின் மேல் போட்ட வெட்டுக்கோட்டை அழிரப்பரால் அழித்துப் பார்த்தேன். பேனாவால் போட்டது. முழுக்கப் போகவில்லை. ஆனால் கீழே உள்ளதை வாசிக்கலாம்.

அகராதியை நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.